எந்திரத்துக்குள் இருக்கும் ஆள்



1770 இல் வியன்னா அரசவையில் சதுரங்கம் ஆடும் எந்திரம் ஒன்றைக் கெம்பெலன் என்பவர் காட்டினார். எந்திரமே யோசித்து ஆடுகிறது என்று பலர் நம்பினார்கள். உள்ளே ஓர் ஆள் ஒளிந்திருந்து காய் நகர்த்தினார். பின்னாளில் 'மெக்கானிக்கல் டர்க்' என்று அழைக்கப்பட்ட அதன் பெயரையே 2005 இல் அமேசான் தன் இணையத் துண்டுவேலைச் சந்தைக்கு வைத்தது. 2009 இல் அறிமுகமான இமேஜ்நெட் தொகுப்பில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. 'இது நாய், இது லாரி' என்று அவற்றைச் சரிபார்த்து அடையாளமிட்டவர்கள் அந்தச் சந்தையின் கூலித் தொழிலாளர்கள். கணினி படங்களை இனங்காண்பதில் 2012 இல் நிகழ்ந்த பாய்ச்சல் அந்த உழைப்பின் மேல் நின்றது.

தறியும் கோழிப்பண்ணையும் லாரிப் பட்டறையும் நிறைந்த நம் சமவெளிக்கும் அந்த வேலை வந்துவிட்டது. 2008 இல் தொடங்கிய நெக்ஸ்ட்வெல்த் நிறுவனத்துக்குச் சேலத்திலும் நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்திலும் மையங்கள் உண்டு. படித்த பிள்ளைகள் திரைமுன் உட்கார்ந்து தரவுகளுக்கு அடையாளமிடுகிறார்கள். அவர்கள் கண் பார்த்ததை எந்திரம் கற்கிறது. ஆனால் 'எந்திரம் தானே அறிந்தது' என்று உலகம் பேசுகிறது. உழைத்தவரை மறைத்து, அறிவை வேறொருவரின் பிறவிச் சொத்தாக்கும் இந்த வித்தையைச் சாதியிடம் நாம் நெடுங்காலமாகப் பார்த்திருக்கிறோம். 'தொழில்நுட்பத்துக்குச் சாதி இல்லை', 'எந்திரம் நடுநிலையானது' என்பவை அந்த மறைப்பின் புதிய கருத்தியல்.

அதற்காக எந்திரத்தின் உண்மையான ஆற்றலை நாம் மறுக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892 அரசாணைப்படி சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அதற்கான சாட்சியம் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளிலும் அ-பதிவேட்டிலும் கிடக்கிறது. கையெழுத்தைப் படிக்கப் பழக்கிய எந்திரம், பிழைகளோடு என்றாலும், ஆயிரக்கணக்கான பக்கங்களைத் துழாவிச் சந்தேகத்துக்குரிய சர்வே எண்களைப் பட்டியலிட முடியும். ஒவ்வொன்றையும் மனிதர் சரிபார்க்க வேண்டும்.

ஆனால் பட்டியல் நிலத்தை மீட்டுத் தராது. 1994 இல் காரணை நிலமீட்புப் போராட்டத்தில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தபோது அங்கே குறைவாக இருந்தது தகவல் அல்ல, அரசின் மனம்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. அடையாளமிடும் தொழிலாளரின் கூலியையும் பணிப் பாதுகாப்பையும் சங்கத்தின் பேச்சாக்குங்கள். பழைய நிலப் பதிவேடுகளை மின்னாக்கம் செய்து பொதுவில் வைக்கக் கோருங்கள்.