கண்டவர் சாட்சி சொல்லவேண்டும்

நோன்பு மாதம் முடியும் மாலையில் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மக்கள் மேற்கு வானத்தை நோக்கி நிற்பர். முதுகுப்புறம் கடல், முன்னே வயல்வெளி, அதற்கப்பால் மங்கும் செவ்வானம். பிறையைக் கண்டவருடைய கடமை கண்டதோடு முடிவதில்லை. அவர் வந்து சாட்சி சொல்லவேண்டும். அச்சாட்சி ஏற்கப்பட்ட பின்னரே பெருநாள் பிறக்கிறது. தனி மனிதரின் காட்சியை ஊரின் அறிவாக மாற்றும் முறை இது. விண்வெளி யுகத்தின் வரலாற்றையும் இந்த அளவுகோல் கொண்டு நாம் அளந்து பார்க்கலாம்.

1957 ஒக்டோபர் 4 ஆம் திகதி சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக், 83.6 கிலோகிராம் எடையுள்ள ஓர் உலோகக் கோளம். 96 நிமிடங்களுக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றியது. அது எழுப்பிய ஒலியை உலகெங்கும் வானொலி ஆர்வலர்கள் தம் சொந்தக் கருவிகளிலேயே கேட்டனர். உழைக்கும் மக்களின் நாடு வானத்தைத் திறந்துவிட்டதென்று ஆசியாவின் முற்போக்காளர் பூரித்தனர். 1961 டிசம்பரில் யூரி ககாரின் நம் தீவுக்கே வந்தார்.

ஆயினும் ஒன்றை நாம் மறைக்கலாகாது. அப்பயணங்கள் ஏவப்பட்ட பின்னரே உலகுக்கு அறிவிக்கப்பட்டன, தோல்விகள் அறிவிக்கப்படவேயில்லை. 1960 ஒக்டோபர் 24 இல் பைக்கனூரில் ஏவுகணை வெடித்துப் பலர் மாண்ட செய்தியை அந்நாட்டு மக்கள் 1989 வரை அறியவில்லை. அமெரிக்காவின் வான்கார்ட் 1957 டிசம்பர் 6 இல் ஓராள் உயரம் எழுமுன்னரே வீழ்ந்து வெடித்தபோது, தொலைக்காட்சி அதனை உலகுக்குக் காட்டியது. அன்று அந்நாட்டை நகைத்தவர் பலர். தோல்வியை மக்கள் கண்முன் நிகழவிடுவதும் ஒரு பலமே என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம்.

நம் அயலிலும் இக்கதை கடற்கரையிலேதான் தொடங்கியது. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்னும் மீனவர் ஊர் தன் தேவாலயத்தையும் நிலத்தையும் விஞ்ஞானத்துக்கு விட்டுக்கொடுத்தது. அங்கிருந்து 1963 நவம்பர் 21 மாலை முதல் ரொக்கெட் எழுந்தது. அது உமிழ்ந்த சோடிய ஆவி அந்தி வானிற் செம்மஞ்சள் முகிலாய் விரிய, கரையோர மக்கள் அண்ணாந்து பார்த்து வியந்தனர்.

பின்னர் ஆந்திரக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமாயிற்று. 1979 ஓகஸ்ட் 10 இல் அங்கிருந்து எழுந்த எஸ்.எல்.வி.-3 இன் முதற் சோதனைப் பறப்பு, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்புப் பழுதுற்றமையால் வங்கக் கடலில் முடிந்தது. திட்டத்தை நடத்தியவர் இராமேஸ்வரத்துப் படகுக்காரரின் மகன் அப்துல் கலாம். அன்று தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் சென்று தோல்வியைத் தாமே ஏற்றாரென்றும், 1980 ஜூலை 18 இல் அதே ரொக்கெட் வென்றபோது வெற்றியைச் சொல்லத் தம்மை அனுப்பினாரென்றும் கலாம் பின்னாளிற் பலமுறை கூறியிருக்கிறார். சாட்சி சொல்லும் நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்த ரொக்கெட்டுகளுக்கும் நம் கரைக்கும் நெருங்கிய உறவுண்டு. துருவங்களைக் கடந்து சுற்றவேண்டிய செய்மதியைத் தெற்கு நோக்கி ஏவுவது வழக்கம். ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே இலங்கை கிடக்கிறது. எரிந்து கழியும் பகுதிகள் மனிதர் வாழும் நிலத்தில் வீழலாகாது. ஆகவே பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் முதலிலே தென்கிழக்காகக் கடல்மேற் சென்று, அதன்பின் தெற்கே திரும்புகிறது. அத்திருப்பத்தால் எரிபொருள் வீணாகிறது. சுமக்கும் பளு குறைகிறது. இச்செலவைத் தவிர்க்கவே, சிறிய ரொக்கெட்டுகளுக்காகக் குலசேகரன்பட்டினத்தில் புதிய தளம் அமைக்க 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டினர். இரவில் ஏவப்பட்டு வானமும் தெளிவாயிருந்தால், வளைந்து செல்லும் அந்த ஒளிப்புள்ளி நம் கரையிலிருந்தும் வடகிழக்கே தென்படக்கூடும். பிறை மேற்கே, ரொக்கெட் கிழக்கே.

இன்று கைத்தொலைபேசியிலேயே இவற்றை நேரலையாகக் காண்கிறோம். 2023 ஒக்டோபர் 21 காலை, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனைப் பறப்பு நடந்தது. ஏவுதற்கு ஐந்து செக்கன்கள் இருக்கையில் கணினி அதனை நிறுத்திற்று. நிறுவனத் தலைவர் நேரலையிலேயே தோன்றி, எழுதல் நின்றதையும் காரணம் ஆராயப்படுவதையும் சொன்னார். பத்து மணிக்கு ரொக்கெட் எழுந்தது. ஆளில்லாக் கலம் பிரிந்து குடைகளில் இறங்கிக் கடலைத் தொட்டது. பார்த்திருந்தோர் அந்த இடைவேளையிற் கற்றது பாடநூலிற் கிட்டாதது: ஆபத்து வரின் நிறுத்தத் தெரிவதும் விஞ்ஞானமே.

ஆனால், வானத்திற் கண்டது தரைக்கு வந்து சேராத நாளொன்றும் நம் வரலாற்றில் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவை அடுத்த கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் பேரலை நம் கரையை அடைந்தது. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்கள் அழிந்தன. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. ஏறத்தாழ அதே வேளையில் அமெரிக்க-பிரெஞ்சுச் செய்மதி ஜேசன்-1 இந்து சமுத்திரத்தைக் கடந்தது. நடுக்கடலில் 60 சென்ரிமீற்றர் அளவே உயர்ந்திருந்த அவ்வலையை அதன் கருவி பதிவு செய்தது. அப்பதிவு தரைக்கு வந்து ஆராயப்படப் பல மணி நேரமாயிற்று. எச்சரிக்கும் அமைப்பும் இந்து சமுத்திரத்துக்கு அன்று இல்லை. கண் இருந்தது; சாட்சி சொல்ல நா இல்லை.

அப்பேரழிவின் பின்னரே நாடுகள் கூடி எச்சரிக்கை அமைப்பை நிறுவின. கடலின் நடுவே மிதக்கும் கருவிகளின் செய்தியைச் செய்மதிகள் தரைக்குச் சேர்க்கின்றன. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் கடலடி அதிர்ந்தபோது இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டனர். பலர் மேட்டுநிலம் சென்றனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோமென்று சிலர் சலித்துக்கொண்டனர். வீணாகாத ஓட்டம் அது! எட்டாண்டுகளுக்கு முன் அந்த ஓட்டத்துக்கு வழியிருந்திருந்தால் எத்தனை வீடுகளில் இன்று பிள்ளைகள் வளர்ந்து நிற்பர்!

ஆகவே ஆசிரிய நண்பர்களே, அடுத்த ரொக்கெட் எழும் இரவில் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது ஏன் வளைந்து போகிறதென்று சொல்லுங்கள். அது சுமக்கும் செய்மதி யாருக்காகப் பார்க்கிறதென்றும் கேட்கச் செய்யுங்கள். நம் தலைக்குமேலே காணப்படுவது நமக்குச் சொல்லப்படவேண்டும். அதனைக் கேட்கும் உரிமை, பிறை பார்க்கும் இக்கரைக்குப் புதியதன்று.