வாரக்குடிகள் போன பிறகு வந்த விருந்தாளிகள்

புளோரன்ஸ் நகரத்தில் காலையில் வேன் ஏறினால், கியான்டி மலைச்சரிவுகளில் இரண்டு மூன்று ஒயின் பண்ணைகளைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். சரளைக்கல் பாதை, பழைய கல்வீடு, நிலவறையில் ஓக் பீப்பாய்கள், பண்ணையிலேயே பிழிந்த ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி, ரசாயனம் படாத தோட்டத்தைப் பற்றி உரிமையாளரே தரும் விளக்கம் என்று அந்த நாள் கழியும். தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் டஸ்கனி கிராம வாழ்க்கையைக் காட்டுகிறோம் என்று சொல்லித்தான் பயண நிறுவனங்கள் இதை விற்கின்றன. ஆவணங்களைப் புரட்டினால் கதை வேறாக இருக்கிறது. அந்த வாழ்க்கை அறுந்துபோனதால்தான் வெளியாள் உள்ளே வர வழி பிறந்தது. காலியான வீடும், கெட்டுப்போன பெயரும், அரித்துப்போன மண்ணும் சேர்ந்து பண்ணைக் கதவைத் திறக்கவைத்தன. வழிகாட்டிகள் பழமை என்று பேசுவதில் பெரும்பகுதிக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் தங்கும் அந்தக் கல்வீடு ஒரு காலத்தில் வாரக்குடியின் வீடு. இடைக்காலத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டஸ்கனி நிலத்தின் பெரும்பகுதி ‘மெட்ஸாத்ரியா’ என்ற பாதிவார முறையில்தான் உழப்பட்டது. நிலமும் வீடும் புளோரன்ஸிலோ சியேனாவிலோ மாளிகையில் இருந்த முதலாளிக்கு. உழைப்பு குடியானவர் குடும்பத்துக்கு. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நடுவில் கணக்கு எழுதி, பீப்பாய் அளந்து, கடனைப் பதிந்துவைக்கும் காரியஸ்தர் ஒருவர். பல ஒப்பந்தங்களில் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம்கூடச் செய்ய முடியாது. ஆள் கூடினாலும் குறைந்தாலும் நிலத்தின் வேலைக்கணக்கு மாறும் அல்லவா! கியான்டி ஒயினுக்குச் சாஞ்சோவேசே திராட்சையை அடிப்படையாக வைத்து 1872இல் ஒரு கலவை முறையை எழுதிவைத்த பெட்டினோ ரிகசோலியை ஒயின் உலகம் இன்றும் கொண்டாடுகிறது. இத்தாலியின் பிரதமராக இரண்டு முறை இருந்த அவர், தம் ப்ரோலியோ கோட்டையைச் சுற்றியிருந்த குடியானவர்களைக் கண்டிப்பாக நடத்திய நிலப்பிரபுவும்தான். சுற்றுலாப் பேச்சில் முதல் பாதிதான் பெரும்பாலும் வரும்.

அந்தக் காலத்தில் குடிப்பவர் தோட்டத்துக்குப் போகவில்லை. ஒயின்தான் அவரைத் தேடி நகரத்துக்கு வந்தது. புளோரன்ஸின் பழைய மாளிகைச் சுவர்களில் ஒரு குடுவை நுழையும் அளவுக்குச் சிறு பொந்துகள் இருக்கும். பிரபுக்கள் தம் நிலத்து ஒயினை அவற்றின் வழியாகத்தான் தெருவில் போகிறவர்களுக்கு விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பொந்துகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. ஐரோப்பியச் செல்வந்தர்கள் நூற்றாண்டுக்கணக்காக இத்தாலியைச் சுற்றிப்பார்த்தார்களே, ஒயின் சுற்றுலா அப்போதே தொடங்கிவிடவில்லையா என்று கேட்கலாம். அவர்கள் வந்தது சிலைகளுக்கும் ஓவியங்களுக்கும் இடிபாடுகளுக்கும். 1786இல் ஜெர்மானியக் கவிஞர் கதே புளோரன்ஸையே சில மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு ரோமுக்கு விரைந்தவர். மலைமேல் இருக்கும் ஒரு வாரக்குடியின் தொழுவத்துக்கு அவர் ஏன் போகப்போகிறார்? மூன்றாம் கோசிமோ மெடிச்சி 1716இல் கியான்டி உட்பட நான்கு ஒயின் வட்டாரங்களுக்கு எல்லை வகுத்து ஆணையிட்டதும் வணிகத்தில் கலப்படத்தைத் தடுப்பதற்காகத்தான். அந்த எல்லைக்குள் பார்வையாளர் என்று ஒருவர் வருவார் என்பது யார் கணக்கிலும் இல்லை.

பழைய முறைக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. அந்த நிலத்தில் திராட்சை தனிப்பயிராக நிற்கவில்லை. மேப்பிள் மரங்களில் கொடியை ஏற்றிவிட்டு, வரிசைகளுக்கு நடுவே கோதுமையும் அவரையினமும் விதைத்து, ஓரங்களில் ஆலிவ் வளர்த்தார்கள். மேப்பிள் இலை மாட்டுக்குத் தீவனம். மாட்டுச் சாணம் மண்ணுக்கு. சரிவுகளில் கல்லடுக்கிப் படித்தட்டு கட்டி மழைநீரின் வேகத்தை மட்டுப்படுத்தினார்கள். இன்று இயற்கை வேளாண்மை என்று சான்றிதழ் வாங்கிச் செய்வதை அன்று சும்மாவே செய்தார்களே, அப்படியானால் அறுபடாத மரபு என்று சொல்வதில் என்ன பிழை? மண்ணை மட்டும் பார்த்தால் வாதம் சரி. அந்த மண்ணைக் காத்தது கூலி எழுதப்படாத உழைப்பு என்பது கணக்கில் வராமல் போவதுதான் சிக்கல். வடிகால் வெட்டுவதும், சரிந்த கல்லை எடுத்துக்கட்டுவதும், புதுக்கொடிக்குக் குழி தோண்டுவதும் ஒப்பந்தத்தின் பெயரால் குடியானவர் தலையில் விழுந்த வேலைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய விவசாயிகள் போராட்டத்தின் விளைவாகக் குடியானவரின் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 53 ஆக உயர்ந்தது. அந்த மூன்று விழுக்காட்டுக்கே அவ்வளவு பாடு. வேறு பிழைப்பு கிடைத்த அன்றைக்கே மக்கள் கிளம்பிவிட்ட ஒரு முறையை, நீடித்து நிற்கக்கூடியது என்று எப்படிச் சொல்வது?

கிளம்பத்தான் செய்தார்கள். பிராட்டோவின் நெசவாலைகளும் போஜிபோன்சியின் மரச்சாமான் பட்டறைகளும் மாதச் சம்பளம் கொடுத்தன. 1956 பிப்ரவரி உறைபனியில் ஆலிவ் மரங்கள் கருகியது வெளியேற்றத்தை முடுக்கிவிட்டது. 1964இல் வந்த 756ஆம் எண் சட்டம் புதிதாகப் பாதிவார ஒப்பந்தம் எழுதுவதையே தடை செய்தது. ராடா, கயோலே போன்ற மலையூர்களில் வீடுகள் கூட்டம் கூட்டமாகப் பூட்டிக்கிடந்தன. நிலத்தில் ஆள் இல்லாத இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. ஐரோப்பியப் பொதுச்சந்தையின் மானியப் பணத்தில் கலப்புப்பயிரைப் பிடுங்கிப்போட்டுத் தனித் திராட்சைத் தோட்டங்கள் போட்டார்கள். டிராக்டர் ஓட வசதியாகப் பல இடங்களில் படித்தட்டுகளை இடித்து, சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக வரிசை பிடித்தார்கள். மண் மழையோடு போயிற்று. தரத்தைவிட விளைச்சல் அளவைப் பார்த்து நட்ட கொடிகள் நீர்த்த ஒயினைத் தந்தன. 1932இலேயே கியான்டி என்ற பெயரைப் பழைய எல்லைக்கு வெளியே வெகுதூரம் நீட்டிவிட்டிருந்தார்கள்; அந்தப் பெயரின் மதிப்பும் சேர்ந்து சரிந்தது. இன்றைய பண்ணைக்காரர் வரிசைகளுக்கு நடுவே பசுந்தாள் பயிர் விதைத்து, லாமோலே போன்ற ஊர்களில் கல்தட்டுகளைத் திரும்பக் கட்டுவது தாத்தா காலத்து வழக்கத்தின் நீட்சி என்பதைவிட, அப்பா காலத்தில் செய்ததைப் பழுதுபார்ப்பது என்பதே பொருந்தும்.

பூட்டிய வீடுகளை முதலில் வாங்கியவர்களில் வெளிநாட்டார் ஏராளம்; அந்தப் பகுதியையே ஓர் ஆங்கிலேய மாவட்டம் போலப் பெயர் வைத்து இங்கிலாந்துப் பத்திரிகைகள் கேலி செய்யும் அளவுக்கு. நிலத்தை வைத்துக்கொண்டு தவித்த உள்ளூர்க்காரர்களுக்கு வேறொரு வழி தோன்றியது: பயணிகளுக்குப் பண்ணை வீட்டில் அறை. இதற்காக 1965இலேயே ஒரு சங்கம் தொடங்கியிருந்தாலும் சட்டம் வர இருபது ஆண்டு ஆயிற்று. 1985 டிசம்பரில் வந்த 730ஆம் எண் சட்டம் ஒரு முக்கியமான நிபந்தனை வைத்தது. விருந்தினர் தொழில் வேளாண்மையோடு இணைந்ததாக, அதற்குத் துணையாக மட்டும் இருக்கவேண்டும். வேளாண்மையே முதன்மைத் தொழிலாக நீடிக்கவேண்டும். உழாமல் ஓட்டல் நடத்தலாம் என்றிருந்திருந்தால், கியான்டி முழுக்க நீச்சல்குளத்தோடு கூடிய விடுதிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். சுற்றுலாவே கிராமத்தைக் கெடுத்துவிட்டது என்று குறைப்படுவோர் சட்டத்தின் இந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த மூன்றாம் மாதத்தில் பேரிடி இறங்கியது. 1986 மார்ச்சில், வட இத்தாலியில் மலிவு ஒயினின் போதையைக் கூட்ட மெத்தனால் கலந்து விற்றது அம்பலமானது. ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள். பலருக்குப் பார்வை போயிற்று. அந்த ஆண்டு இத்தாலிய ஒயின் ஏற்றுமதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. கியான்டிக்கு 1984இலேயே அரசின் உயர்ந்த தர முத்திரை கிடைத்திருந்தும், முத்திரையை மட்டும் நம்ப இனி யாரும் தயாராக இல்லை. மறு ஆண்டே ஒயின் ஊர்களின் நகராட்சிகள் சியேனாவில் கூடிச் சங்கம் அமைத்தன. 1993இல் மொண்டால்சினோவைச் சேர்ந்த டொனடெல்லா சினெல்லி கொலொம்பினி முன்னின்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலவறைகளை எல்லோருக்கும் திறந்துவிடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதுவரை நிலவறைக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரிகள். சாதாரண ஆளை உள்ளே அழைத்து, தொட்டியைத் திறந்துகாட்டி, எதைக் கலக்கிறோம், எதைக் கலக்கவில்லை என்று விளக்கும் இன்றைய முறையின் வேர், பிற பகுதியினர் செய்த குற்றத்துக்காக எல்லோரும் பதில் சொல்ல நேர்ந்த அந்தக் காலத்தில் இருக்கிறது.

இயற்கை வேளாண்மையும் அந்த வட்டாரத்தில் தத்துவமாக மட்டும் வரவில்லை. பன்சானோ என்ற சிற்றூரில் 2000களில் இலைகளை மஞ்சளாக்கிக் கொடியையே கொல்லும் ஒரு நோய் பரவியது. தத்துப்பூச்சி கடத்தும் நோய் என்பதால் பூச்சிமருந்து தெளிப்பதுதான் வழக்கமான பதில். அங்கிருந்த திராட்சை வளர்ப்போர் சங்கம் ருஜெரோ மட்சில்லி என்ற வேளாண் வல்லுநரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஊரே சேர்ந்து பூச்சியைக் கண்காணிக்கவும் நோய்ப்பட்ட கொடிகளை உடனுக்குடன் பிடுங்கவும் ஏற்பாடு செய்தது. பூச்சிக்கு வேலி தெரியாது என்பதால் ஒருவர் மட்டும் மாறிப் பயனில்லை. இன்று அவ்வூரின் திராட்சை நிலத்தில் மிகப்பெரும்பகுதி இயற்கைமுறைக்கு வந்துவிட்டது. அவ்வூர் அடங்கிய கியான்டி கிளாசிகோ வட்டாரம் முழுவதையும் எடுத்தாலும் பாதிக்கு மேல் சான்றிதழ் பெற்றது. எல்லாம் விளம்பரம் என்று ஒதுக்குவோருக்கு இது பதில். ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இயற்கைமுறையில் அடிச்சாம்பல் நோயைத் தடுக்க மயில்துத்தம் தேவை. செம்பு மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. வேனில் வரும் பயணி இதைக் கேட்டால் நல்ல பண்ணைக்காரர் மழுப்பமாட்டார்.

வேனில் வரும் கூட்டம் ஏன் எப்போதும் சிறியது என்பதற்கு நெருக்கம், அமைதி என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். சாதாரண ஓட்டுநர் உரிமத்தில் ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர்வரைதான் ஏற்றலாம் என்பது அதைவிட உறுதியான காரணம். அந்தச் சரளைப்பாதையில் பெரிய பேருந்து திரும்பவும் முடியாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டக்கூடாது என்ற சட்டம், சொந்தக் காரில் வந்திருக்கக்கூடியவர்களையும் வேனுக்கு அனுப்பியது. 2019இல் அரசு வகுத்த ஒயின் சுற்றுலா விதிகள், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் திறந்திருப்பதிலிருந்து வழிகாட்டியின் பயிற்சி வரை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தின.

அந்த விதிகள் விருந்தினரைப் பற்றியவை. தோட்டத்தில் குனிந்து நிற்பவரைப் பற்றி இயற்கைமுறைச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. களைக்கொல்லியை நிறுத்தினால் கைவேலை கூடும். கொடி கழிக்கவும் பழம் பறிக்கவும் இன்று வருபவர்களில் கிழக்கு ஐரோப்பியரும் ஆப்பிரிக்கரும் தெற்காசியரும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தக்காரர் வழியாக, பருவத்துக்கு மட்டும் வருகிறவர்கள். இடைத்தரகர் சுரண்டலைக் குற்றமாக்கும் சட்டத்தை இத்தாலி 2016இல் கடுமையாக்கியது. ஒயின் தொழிலுக்கென்றே வந்த ‘ஈக்வாலிடாஸ்’ தரநிர்ணயம் கூலி, பாதுகாப்பு, வேலை நிலை ஆகியவற்றையும் மண், நீர், காற்றோடு சேர்த்துத் தணிக்கை செய்கிறது. அதற்கு ஒப்புக்கொண்ட பண்ணை எது, கொள்ளாதது எது என்பது பயண நிறுவனங்களின் நிகழ்ச்சிநிரலில் அரிதாகவே இடம்பெறுகிறது. வாரக்குடியின் அறைக்கு ஓரிரவு வாடகை எவ்வளவு என்பது மட்டும் தெளிவாக அச்சாகியிருக்கும்.