ரிப்போர்ட்டில் இரண்டாவது வரி

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழலில் ஒரு லேப். அக்காவோடு போயிருந்தேன். கல்யாண மோதிரம் சோப்பு போட்டாலும் விரலைவிட்டு வரவில்லை. செருப்பும் ஒரு சைஸ் கூடிவிட்டது. எதற்கும் வளர்ச்சி ஹார்மோனையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஊசியோடு வந்த பெண், "பஸ் ஸ்டாண்டிலயிருந்து நடந்தா வந்திய அக்கா? அப்பம் அரை மணிக்கூர் இந்தக் கட்டில்ல படுங்க, பிறவு எடுக்கலாம்" என்றாள். கூடவே, "பிள்ளை நிக்காம இருக்க மாத்திரை ஏதும் திங்குதியளா?"

"எனக்க வயசுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் ரிப்போர்ட். அக்காவின் எண் 2.4. பக்கத்தில் சரியான அளவு இரண்டு வரியாக இருந்தது: ஆணுக்கு 0.97 வரை, பெண்ணுக்கு 3.61 வரை. அதே 2.4 அத்தானுக்கு வந்திருந்தால் வீடே கலங்கியிருக்கும். இந்த இரண்டாவது வரி எங்கே பிறந்தது என்று தேடிப் போனேன்.

மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி பட்டாணி அளவுதான். மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனை 1944-ல் பெர்க்லியில் லீயும் எவன்ஸும் பிரித்தெடுத்தார்கள். மனிதனுடையதை லீ 1956-ல் பிரித்தார். பொருள் கையில் இருந்தது, நிறுக்கத் தராசு இல்லை. ரத்தத்தில் அது நானோகிராம் கணக்கு. ஒரு நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

தராசு செய்தவர்கள் நியூயார்க் பிராங்க்ஸில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். மணவாளக்குறிச்சி மணலால் கதிர்வீச்சு என்ற சொல் நமக்குப் பழக்கம். அவர்கள் எடுத்தது கதிர்வீசும் அயோடின். அதை ஹார்மோனில் ஒட்டி, எதிர்ப்புப் புரதத்தோடு சேர்த்தார்கள். குழித்துறை பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் எண்ணிக்கை மாறாது. கதிர்வீசும் ஹார்மோனும் நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஹார்மோனும் ஒரே சீட்டுக்கு முண்டியடிக்கும். சீட் கிடைக்காத கதிர்வீச்சுக்காரர்களை எண்ணினால், நோயாளி பக்கத்திலிருந்து எவ்வளவு கூட்டம் ஏறியது என்று தெரிந்துவிடும். முதலில் இன்சுலின், 1963-ல் கிளிக், ராத் இருவரோடு சேர்ந்து வளர்ச்சி ஹார்மோன். யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. பெர்சன் 1972-லேயே போய்விட்டார், பங்கு கிடைக்கவில்லை.

தராசு வந்ததும் குழப்பமும் வந்தது. பாஸ்டனில் ஆண்ட்ரூ ஃபிரான்ட்ஸும் மிட்செல் ராப்கினும் 1965-ல் வெளியிட்ட ஆய்வில், எழுந்து நடமாடிய பெண்களின் காலை ரத்தத்தில் ஹார்மோன் ஆண்களைவிடக் கூடுதல். படுக்கையிலேயே இருந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இதோடு விட்டிருந்தால் 'பெண்ணுடம்பு அப்படித்தான்' என்று யாராவது முடித்திருப்பார்கள். அவர்கள் ஆண்களுக்கு ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோனை, கொடுத்துப் பார்த்தார்கள். நடமாடியதும் ஆண்களுக்கும் எண் எகிறியது. ஏற்றியது ஈஸ்ட்ரோஜன்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எங்கள் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியுமுன் வெட்டிய மரமும் வெயில் ஏறி வெட்டிய மரமும் ஒரே அளவு பால் தராது. எப்போது வெட்டினது என்று கேட்காமல் சிரட்டையைப் பார்த்து மரத்தைக் குறை சொல்லக்கூடாது. வளர்ச்சி ஹார்மோனும் சீராக ஒழுகுவதில்லை, விட்டுவிட்டுப் பீறிடுகிறது. அதனால்தான் 1987-ல் வெளியான ஆய்வுக்காக கென் ஹோவும் கூட்டாளிகளும் 20 நிமிடத்துக்கு ஒருதரம், 24 மணி நேரமும் ரத்தம் எடுத்தார்கள். ஆணா பெண்ணா, இளமையா முதுமையா என்று தெரிந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனின் அளவோடு ஒட்டிப் போயின.

பல கருத்தடை மாத்திரைகளிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. லேபில் அந்தப் பெண் கேட்ட மாத்திரைக் கேள்விக்கும் பதில் அதே ஹோவிடம் இருக்கிறது. 1991-ல் சிட்னியில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகவும் தோலில் ஒட்டும் பட்டையாகவும் கொடுத்து ஒப்பிட்டார்கள். விழுங்கியது முதலில் கல்லீரலுக்குப் போகிறது. வளர்ச்சி ஹார்மோனின் சொல் கேட்டு ஐ.ஜி.எஃப்-1 என்ற வேலைக்காரனை அனுப்புவது கல்லீரல்தான். மாத்திரை அதன் காதை மந்தமாக்க, ஐ.ஜி.எஃப்-1 குறைகிறது, 'போதும்' என்று தடுக்க ஆளில்லாமல் பிட்யூட்டரி இன்னும் உரக்கக் கத்துகிறது. ரிப்போர்ட்டில் எண் ஏறும், உடம்பில் வேலை இறங்கும். பட்டையில் இந்தச் சிக்கல் இல்லை.

அக்காவுக்கு ஐ.ஜி.எஃப்-1-உம் சரியாகவே வந்தது. வீக்கத்துக்குக் காரணம் தைராய்டு. ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தவள், "அந்தப் பிள்ளை என்னை சும்மா படுக்கப் போடல்ல, என்னா?" என்றாள். மாத்திரை தின்று வீக்கம் வடியட்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்கவில்லை. போகிற வழியிலேயே தட்டானிடம் உட்கார்ந்து மோதிரத்தை அறுத்து வாங்கிக்கொண்டாள்.