மலிவு வேறு, மட்டம் வேறு

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி, கியா பார்ம் வழியாகக் கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது திரிங்காப். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள்; சற்றுத் தள்ளிப் போனால் தேயிலைச் சரிவுகள். இங்கு வேலைக்குப் போகிறவரின் பையில் தவறாமல் இருக்கும் பொருள்களில் ஒன்று மடக்குக் கத்தி. தக்காளிச் செடியைக் கட்டிய நைலான் கயிற்றை அறுக்க, உரமூட்டையின் வாயைப் பிரிக்க, முட்டைக்கோஸின் வாடிய இலையைச் சீவ, மத்தியானத்தில் ஒரு பழத்தை நறுக்க அதுதான் கைக்கு உதவுகிறது.

பசார் மாலாமில் பத்து வெள்ளிக்குக் கத்தி கிடைக்கிறது. ஈப்போ கடைகளில் அதற்குப் பத்து மடங்கு விலையிலும் கத்தி உண்டு. பத்து வெள்ளிக் கத்தியை வாங்குவது பணத்தை மிச்சம் பிடிப்பதா, பணத்தைத் தொலைப்பதா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் கயிற்றை இழுத்து அறுக்கும்போது கத்தி மடங்கி விரலில் விழுந்தால் ஒரு வாரச் சம்பளம் போய்விடும். தினக்கூலிக்காரருக்கு அது சின்ன விஷயமல்ல.

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் இருநூறு ஆண்டு வரலாறு பின்னால் வருகிறது. அந்த வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்பு, உருக்கு உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. மண்குகையில் இரும்பையும் கரியையும் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி உருக்கி எடுக்கும் இந்த எஃகை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றனர். தென்னிந்தியச் சொல்லான ‘உக்கு’ என்பதன் திரிபே அது என்பது அறிஞர் பலரின் கருத்து. தமிழில் அது உருக்கு. 1795ஆம் ஆண்டு ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிவியலாளர் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த எஃகைப் பற்றி ஓர் ஆய்வுரை அளித்தார். அப்போது ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற லண்டன் கத்தி வினைஞர் அந்த எஃகின் ஒரு துண்டை அடித்து என்ன செய்து பார்த்தார் தெரியுமா? வாளோ ஈட்டியோ அல்ல, ஒரு பேனாக்கத்தி! இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால்தான் சின்னக் கத்திக்கு அந்தப் பெயரே வந்தது. இறகின் முனையைப் பிசிறில்லாமல் சீவ வேண்டுமானால் கத்தியின் வாய் மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். ஆகவே எஃகின் தரத்தைச் சோதிக்க அதைவிடக் கடினமான பரீட்சை இல்லை எனலாம். அதே ஸ்டோடர்ட் பின்னாளில் மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்.

அடுத்த தொடர்பு இன்னும் சுவையானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அலுவலில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புத் தாதுவை நம்பி 1830களில் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையை நடத்தினார். அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் இங்கிலாந்து திரும்பிய ஹீத், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரில் எஃகின் விலை வெகுவாக இறங்கியது அதற்குப் பிறகுதான். மலிவான கத்தி சாதாரணத் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்ததில் அந்த முறைக்குப் பெரும் பங்குண்டு. ஹீத்துக்குக் கிடைத்தது என்னவோ நீண்ட வழக்கும் கடனும்தான்.

பெயரை நம்பி ஏமாந்த கதை

ஷெஃபீல்டு கத்தி வினைஞர்கள் 1624லேயே சட்டப்படி ஒரு சங்கம் அமைத்து, ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முத்திரை என்று பதிவு செய்து வந்தவர்கள். முத்திரையைப் பார்த்தால் கத்தியை நம்பலாம் என்பது ஏற்பாடு. நம்பிக்கை வளர்ந்த இடத்தில் போலியும் முளைக்கும் அல்லவா? ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துப் பட்டறைகள் சில, தங்கள் மலிவுக் கத்திகளில் ஷெஃபீல்டு பெயரையே பொறித்து விற்றன. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சென்ற பிரான்ஸ் ரூலோ என்ற ஜெர்மானியப் பேராசிரியரே, தம் நாட்டுப் பொருள்கள் மலிவாகவும் மட்டமாகவும் இருக்கின்றன என்று எழுதித் தம் நாட்டில் பெரும் பரபரப்பை உண்டாக்கினார்.

ஷெஃபீல்டுக்காரர்களின் கூச்சலையும் சேர்த்துக் கேட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1887இல் வணிகக் குறிச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் பெயர் தாங்கிவரும் அயல்நாட்டுப் பொருளில் அது எங்கே செய்யப்பட்டது என்பதையும் பொறிக்க வேண்டும் என்றது சட்டம். ‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்ற வாசகம் பரவியது அப்படித்தான். அது அவமானச் சின்னமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. சோலிங்கன் பட்டறைகள் தரத்தை உயர்த்தின. சில பத்தாண்டுகளில் அதே வாசகம் சிபாரிசுச் சீட்டாக மாறியது. 1938இல் சோலிங்கன் என்ற பெயரையே பிறர் பயன்படுத்தாதபடி காக்க ஜெர்மனி தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று!

இன்று அதே இடத்தில் நிற்கிறது சீனாவின் குவாங்தொங் மாநிலத்து யாங்ஜியாங் நகரம். ‘சீனாவில் செய்தது’ என்று பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவோர் 1887ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஊரிலிருந்து தரமான கத்தியும் வருகிறது, தகரத்துக்குச் சமமான கத்தியும் வருகிறது. ஊர்ப் பெயரை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்து. அதற்குப் பெயர் தோய்ச்சல். எஃகைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் காட்டிப் பதம் எடுப்பது கொல்லர் வேலை. சூடு குறைந்தால் வாய் மழுங்கும். பதம் எடுக்காமல் விட்டால் வாய் தெறிக்கும். இதில் மிச்சம் பிடிப்பவன்தான் மட்டமான கத்தி செய்பவன். 1913இல் ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியபோது, அதில் செய்த முதல் கத்திகள் சரியாக வெட்டவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். குற்றம் உலோகத்தில் இல்லை. புதிய எஃகுக்குப் பழைய எஃகைவிட அதிகச் சூடு வேண்டும் என்பது பட்டறைகளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

நல்ல கத்தியை மலிவாகச் செய்தவர்கள் வேறு இடத்தில் சிக்கனம் காட்டினார்கள். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் குடியானவர்களுக்காக ஒரு கத்தி செய்தார். மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம், நான்கே உறுப்புகள். 1955இல் அலகு மடங்காமல் பூட்டும் இரண்டாவது வளையம் சேர்ந்தது. தியேர் நகரில் 1929இல் வந்த டூக்-டூக் கத்தியின் பிடி வெறும் மடித்த தகடு. மெலனீசியத் தீவு மக்களை மனத்தில் வைத்துச் செய்தது, கடைசியில் வட ஆப்பிரிக்காவில்தான் அமோகமாக விற்றது. இவற்றில் அலங்காரம் கிடையாது. அலகில் மட்டும் குறை வைக்கவில்லை. அதே 1929ஆம் ஆண்டில்தான் ஜே.ஏ.ரஸ்ஸல் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திய நம்மவர்களுக்கும் அலங்காரம் இல்லாத கத்திதான் தேவைப்பட்டிருக்கும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பசார் மாலாமில் தோய்ச்சலைச் சோதிக்க வழியில்லை. ஆனால் தோய்ச்சலில் ஏமாற்றுகிறவர் மற்ற இடங்களிலும் தடயம் விட்டுவிடுவார். கத்தியைத் திறந்து அலகை இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். புதிதிலேயே ஆடும் அலகு ஆறு மாதத்தில் கழன்று கொள்ளும். மூடிய கத்தியில் அலகின் முனை பிடிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் அது சட்டைப்பைக்கும் தொடைக்கும் ஆபத்து. பூட்டு உள்ள கத்தியானால், விரல்களை மடங்கும் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் அழுத்தலாம். பூட்டு நழுவினால் கத்தியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பது பழைய தந்திரம்: கூரான வாய் ஒளியைத் திருப்பாது, மழுங்கிய இடம் மின்னும்.

அலகில் பொறித்த எழுத்தையும் கொஞ்சம் படிக்க வேண்டும். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் இருந்தால், துரு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. ‘440’ என்றிருந்தாலும் அப்படித்தான். அந்த எஃகில் ஏ, பி, சி என மூன்று வகை, கரியின் அளவு ‘சி’யில்தான் அதிகம். எழுத்தைச் சொல்லாதவர் ‘சி’யை மறைத்திருக்க வாய்ப்பில்லை. புலித்தலை, கழுகுச் சிறகு, வானவில் வண்ணம் என்று மினுக்கும் பத்து வெள்ளிக் கத்தியில் அந்தப் பத்து வெள்ளி எங்கே போயிருக்கும் என்பதை வாங்குகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் உண்மை தெரிந்துவிடும். பழைய நைலான் கயிற்றை இருபது முறை அறுத்துவிட்டு, நாளிதழின் ஒரு தாளைச் சீவிப் பார்க்க வேண்டும். தாள் கிழியாமல் சீவினால் தோய்ச்சல் சரி. தீட்டுக்கல்லில் தேய்க்கும்போது வாயோரத்தில் மெல்லிய பிசிறு எழுந்து, எத்தனை தேய்த்தாலும் உதிராமல் இப்பக்கமும் அப்பக்கமும் மடிந்துகொண்டே இருந்தால் எஃகு மிருதுவானது என்று அர்த்தம்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது சிறைக்குரிய குற்றம். தோட்டத்தில் வேலைக்கருவியாக இருக்கும் கத்தி, இரவில் தானா ராத்தாவில் சட்டைப்பையில் இருந்தால் விளக்கம் சொல்லும்படி ஆகும். வேலை முடிந்ததும் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

கேமரன் மலையின் ஈரப்பதத்துக்குத் துருப்பிடிக்காத எஃகே வசதி. சாதாரணக் கரி எஃகு வாய் நன்றாகப் பிடிக்கும், தீட்டுவதும் சுலபம், ஆனால் தினமும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். கரி எஃகுக் கத்தியால் தேயிலைக் கொழுந்தையோ வாதையோ வெட்டினால் அலகு கறுத்துப்போகும். இலையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. முன்னாளில் எழுதும் மையே இந்த முறையில்தான் செய்தார்கள். செந்துரு அலகைத் தின்னும், இந்தக் கறுப்பு தின்னாது. ஆனால் கறுத்துவிட்டது, கத்தி மட்டம் என்று அதை வீசிவிட்டு, பளபளக்கும் பத்து வெள்ளிக் கத்தியை வாங்கப் போகிறவர்களும் உண்டு.