மூணாறு, 2015: நலன்முரண் குறித்த ஒரு முறையீடு

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் மறியலில் இறங்கியதற்கு உடனடிக் காரணம், போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதாகும். ஆயினும் அவர்களுடைய சினம் நிர்வாகத்தோடு நிற்கவில்லை. தங்கள் சார்பில் பேரம் பேசும் தொழிற்சங்கத் தலைவர்கள் நிறுவனத்திடமிருந்தே வீடும் சலுகைகளும் பெறுகின்றனர் என்று, பெரும்பாலும் தமிழரான அப்பெண்கள் குற்றஞ்சாட்டினர். நலன்முரண் என்று நாம் குறிப்பது இதனையே.

டாட்டா டீயிடமிருந்து 2005இல் தோட்டங்களை ஏற்ற கண்ணன் தேவன் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களுக்குரியவை. ஆவணப்படி பங்குதாரர்களான தொழிலாளர்களே சாலையில் அமர்ந்து முறையிட நேர்ந்தது.

‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர்பெற்ற அவ்வணி, சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டு அரசுடன் நேரடியாகப் பேசியது. செப்டம்பர் 13இல் 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு உறுதியாயிற்று.

எனினும், கூலியை முடிவுசெய்யும் தோட்டத் தொழிலாளர் குழுவில் பழைய சங்கங்களே அமர்ந்திருந்தன. ரூ.500 கோரப்பட்ட நாட்கூலி, அக்டோபரில் ரூ.232இலிருந்து ரூ.301 ஆக உயர்ந்தது.

கோரிக்கையின் ஒரு பகுதி நிறைவேறியது. ஆனால் முறையீட்டுக்கு உள்ளானோரின் சங்கங்களே முடிவெடுக்கும் அவையிலும் இடம்பெற்றால், அம்முறையீட்டை விசாரிப்பவர் யார் என்னும் வினாவுக்கு அந்த ஒப்பந்தங்களில் விடையில்லை.