திருத்தூதுத் தந்தையர் நூல்கள்

இயேசுவின் திருத்தூதர்களுக்கு அடுத்த தலைமுறைகளைச் சேர்ந்த கிறித்தவர்கள், முதல் இரண்டு நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுதிய நூல்களின் தொகுதி. அப்போஸ்தலப் பிதாக்களின் எழுத்துகள் என்றும் வழங்கும். புதிய ஏற்பாட்டில் சேராத கிறித்தவ எழுத்துகளில் மிகப் பழையவை சில இதில் உள்ளன. பிரெஞ்சு அறிஞர் கொத்தலியே 1672-இல் பாரிசில் இவற்றைத் திரட்டி வெளியிட்டார். பர்னபா மடல், உரோமைக் கிளமெந்தின் மடல், ஹெர்மாஸின் ‘மேய்ப்பர்’, இஞ்ஞாசியார், பொலிகார்ப்பு ஆகியோரின் மடல்கள் அதில் இருந்தன. பாப்பியாவின் துணுக்குகள், தியொக்னேத்துவுக்கு எழுதிய மடல், ‘திதாக்கே’ எனும் பன்னிருவர் படிப்பினை ஆகியவை பின்னர் சேர்ந்தன.

கொரிந்து சபையில் மூப்பர் சிலரை முறைகேடாகப் பதவி நீக்கிய கலகக்காரர்களைக் கண்டித்து, உரோமைச் சபை சுமார் 96-இல் அனுப்பியது கிளமெந்தின் மடல். மேற்கு நாட்டார் இதை முதலில் அறிந்தது, கான்ஸ்டான்டினோபிள் மறைமுதுவர் சிரில் லூக்காரிஸ் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசுக்கு அனுப்பிய அலெக்சாந்திரியச் சுவடி வழியாக. அச்சுவடியில் இம்மடலின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த ஓர் ஏடு இல்லை. 1633-இல் வெளிவந்த முதற்பதிப்பில் விழுந்த அந்த இடைவெளி இருநூறு ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 1873-இல் கிரேக்க அறிஞர் பிலொத்தேயோஸ் பிரியேன்னியோஸ், கான்ஸ்டான்டினோபிள் நூலகம் ஒன்றில் லியோ என்பவர் 1056-இல் படியெடுத்த சுவடியைக் கண்டார். மடல் அதில் முழுமையாக இருந்தது. கூடவே, பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த திதாக்கேயும் கிடைத்தது. அதை அவர் 1883-இல் அச்சிட்டார்.

திதாக்கே 16 சிறு அதிகாரங்களே கொண்ட நடைமுறை நூல். ஓடும் நீரில் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும், நீர் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்கிறது. நோன்புக்குரியவை புதனும் வெள்ளியும். ஊருக்குத் திருத்தூதர் என்று வரும் போதகர் மூன்று நாள் தங்கினாலோ, புறப்படும்போது காசு கேட்டாலோ அவர் போலி. ஊர் ஊராகச் சுற்றித் திரிந்தவர்களிடம் சபைகள் பட்ட பாடு இந்த விதியிலேயே தெரிகிறது.

இஞ்ஞாசியார் அந்தியோக்கியா ஆயர். பத்துப் படைவீரர் காவலில் உரோமைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில், சிமிர்னாவிலிருந்து நான்கு மடல்களும் துரோவாவிலிருந்து மூன்றும் எழுதினார். பின்னர் இவை பதின்மூன்றாகப் பெருகின. ஆர்மாக் பேராயர் அஷர் 1644-இல் இலத்தீன் படிகளைக் கொண்டு இடைச்செருகலை அம்பலப்படுத்தினார். இரண்டு ஆண்டு கழித்து அறிஞர் ஐசக் வோஸ் கிரேக்க மூலத்தை வெளியிட்டார். சிரியாக்கில் உள்ள மூன்று மடல்களே மூலம் என்று 1845-இல் அறிஞர் கியூர்ட்டன் வாதிட்டார்; அறிஞர்களான ட்சானும் லைட்ஃபுட்டும் மறுத்து எழுதியபின் அந்த வாதம் நிற்கவில்லை. ஏழும் இஞ்ஞாசியாருடையவையே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

தியொக்னேத்து மடலின் ஒரே சுவடி, சுமார் 1436-இல் கான்ஸ்டான்டினோபிள் மீன்கடை ஒன்றில் பொதிதாள்களுக்கிடையே கிடைத்தது. பின்னர் ஸ்திராஸ்பூர் போய்ச்சேர்ந்த அச்சுவடி, 1870-இல் பிரஷ்யப் படையின் குண்டுவீச்சில் அங்கிருந்த நூலகத்தோடு எரிந்துபோனது. முன்பே எடுத்த படிகளால்தான் நூல் பிழைத்தது.

பர்னபா மடலும் மேய்ப்பரும் நான்காம் நூற்றாண்டின் சீனாய்ச் சுவடியில் புதிய ஏற்பாட்டை அடுத்து இடம்பெற்றுள்ளன. லியோவின் படி இன்று எருசலேம் கிரேக்க மரபுவழி மறைமுதுவரக நூலகத்தில் உள்ளது.