ஸ்கூட்டரும் கார்புரேட்டரும் - நடுவில் ஒரு சின்னத் துண்டு

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு யார் பெயர் என்று கேட்டால் சின்னப் பையனும் சொல்வான், எம்.ஏ.சிதம்பரம் என்று. ஆனால் அந்தச் சிதம்பரம் இந்தியாவில் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் செய்த கம்பெனியின் முதலாளி என்பது பலருக்குத் தெரியாது! 1949-ல் பம்பாயில் தொடங்கப்பட்ட ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா (சுருக்கமாக ஏபிஐ) நிறுவனத்தை 1955-ல் அவர் வாங்கினார். இத்தாலியின் இன்னொசெண்டி கம்பெனியிடம் உரிமம் பெற்று லாம்ப்ரெட்டா வண்டிகள் இங்கே வந்தன. பிறகு வந்த லேம்பி, மேக் 175 எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தான்.

இன்னொரு கிளை லக்னோவில் இருந்தது. இன்னொசெண்டி 1971-ல் ஸ்கூட்டர் செய்வதை நிறுத்தியது. இந்திய அரசு 1972-ல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தை ஆரம்பித்து, இத்தாலிக்காரர்களின் இயந்திரங்களையே வாங்கிக் கொண்டு வந்து நிறுவியது. விஜய் டீலக்ஸ், விஜய் சூப்பர் உள்நாட்டுக்கு, லாம்ப்ரெட்டா ஜிபி வெளிநாட்டுக்கு. 1997 வரை ஸ்கூட்டர்கள் வந்தன. அதனால்தான் இங்கிலாந்தில் இன்றும் பழைய லாம்ப்ரெட்டாவைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஏதாவது ஒரு பாகத்திலாவது இந்திய வாடை அடிக்கும்.

சரி, இந்த வண்டிகளை "டியூன்" செய்பவர்கள் முதலில் கை வைப்பது எதில்? கார்புரேட்டரில். கம்பெனி கொடுத்த ஜிபி 200-ல் இருந்தது 22 மி.மீ. துளை. டியூனிங் செய்பவர் அதை எடுத்துவிட்டு 28 அல்லது 30 மி.மீ. மிக்குனியோ டெல்லார்ட்டோவோ போடுவார். 22-க்கும் 30-க்கும் எட்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கக்கூடாது. பரப்பளவைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 86 சதவீதம் அதிகம். இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். கார்புரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் குழாய் (மேனிஃபோல்ட்), அதன் ரப்பர் ஹோல்டர், கிளாம்ப், நடுவில் ஒரு பேக்கிங். இவ்வளவுதான். விலை என்று பார்த்தால் கார்புரேட்டரின் கால்வாசி கூட வராது. எஞ்சினின் உயிர் மட்டும் இதில்தான் தொங்குகிறது.

காரணம் இதுதான். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் ஆயிலும் கலந்தேதான் உள்ளே போகின்றன. பிஸ்டனுக்கு எண்ணெய் போடுவதும் அந்தக் கலவையே. இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதன் வழியே வெறும் காற்று புகுந்து விடும். கலவை நீர்த்துப்போகும், சூடு ஏறும், எண்ணெயும் குறையும். முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக் கொள்ளும் (மெக்கானிக் பாஷையில் "சீஸ்" ஆகிவிடும்). பின்சக்கரம் சட்டென்று நின்றால் ஓட்டுபவர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சாவகாசமாகப் போகிற வண்டியில் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், டியூன் செய்த வண்டியில் ஒரே நாளில் வெளியே வரும்.

பழைய லாம்ப்ரெட்டாவில் சின்ன கார்புரேட்டர் மேனிஃபோல்டின் மேல் நேராகச் செருகி கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டது. நடுவில் சூடு ஏறாமல் இருக்க ஒரு புஷ். பெரிய கார்புரேட்டர் கனம் அதிகம். அதை அப்படிப் பிடித்து வைத்தால் அதிர்ச்சியில் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைத்துவிடும். எனவே ரப்பர் ஹோல்டர் அவசியமாகிறது. 1980-களில் இங்கிலாந்தில் வந்த டிஎஸ்1 கிட் போன்றவை ரீட் வால்வு, தனி மேனிஃபோல்ட் என்று இந்தப் பகுதியையே மாற்றி அமைத்தன. லாம்ப்ரெட்டாவை இங்கே செய்தோம், அதை வேகமாக்கும் பாகத்தை மட்டும் அங்கிருந்து வரவழைக்கிறோம். வேடிக்கைதான்!

சென்னையில் தேடுபவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் தெரியாமல் இருக்காது. கடையில் போய் "எந்த வண்டி ஹோல்டர் இருக்கிறது" என்று கேட்பதைவிட, கையில் ஒரு வெர்னியரைக் கொண்டு போவது மேல். கார்புரேட்டர் கழுத்தின் வெளி விட்டம், மேனிஃபோல்டின் உள் விட்டம், போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம். மூன்றும் ஒத்துப் போனால் அது எந்த வண்டியுடையதானாலும் பரவாயில்லை. ஒத்துப் போகாவிட்டால் கிண்டியிலோ அம்பத்தூரிலோ ஒரு லேத் பட்டறையில் அலுமினியத்தில் அடாப்டர் கடைந்து கொள்ளலாம். உள்ளே படிக்கட்டு போல விளிம்பு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் மோதி காற்று சுழலும்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தப்பு, பலமாக இறுக்குவது. இரண்டு நட்டுள்ள ஃபிளாஞ்சை வெறியோடு முறுக்கினால் வாழைப்பழம் போல வளைந்து நடுவில் இடைவெளி விழும். அதற்குப் பிறகு எத்தனை பேக்கிங் போட்டாலும் பயனில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நைசான எமரித் தாளை விரித்து, ஃபிளாஞ்சை எட்டு போடுவது போல் தேய்த்துச் சமமாக்குவதுதான் வைத்தியம். பிறகு இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசியாகச் சோதனை. சைலன்சர் வழியையும் காற்று வழியையும் அடைத்து, சைக்கிள் பம்பினால் லேசாகக் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரைச்சல் இறங்காமல் நின்றால் அதுவும் காற்று கசிவுக்கு அடையாளம்.

இந்தக் கலைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் என்ன தொடர்பு? டியூன் செய்த வண்டிகளை ஓட்டிப் பார்க்க முன்பு சோழவரம் விமான ஓடுதளம் இருந்தது. 1990-ல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அதன் பக்கத்திலேயே 1998-ல் ஹூண்டாய் வந்தது. 2013-ல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை, 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா ஆலை. முன்பு இதே என்ஃபீல்டு திருவொற்றியூரில் வில்லியர்ஸ் எஞ்சின் வைத்து ஃபென்டாபுலஸ் என்ற ஸ்கூட்டர் செய்து பார்த்தது, 1960-களில். ஓடவில்லை (அதாவது, விற்பனை ஓடவில்லை!).

ஆனால் ஒரகடம் வட்டாரத்து ஆலைகளுக்குக் கார்புரேட்டர் வாழ்வு குறைவுதான். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்தது, கிளாசிக் 350 முதல் ஃபேசினோ வரை எல்லாம் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறின. என்ஃபீல்டின் ஒரகடம் ஆலையைப் பொறுத்தவரை கார்புரேட்டர் காலம் ஏழே ஆண்டு. மறைமலை நகரில் மிக்குனி கூட்டுறவோடு கார்புரேட்டர் செய்து பேர் வாங்கிய யூகால் நிறுவனமும் வேறு பாகங்களுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

பழைய ஸ்கூட்டர்காரர்களுக்கு அதைவிட உடனடிப் பிரச்சினை பெட்ரோல். 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. 1970-களின் ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். மூலையில் கிடந்த "ஒரிஜினல்" பழைய ஹோல்டரை ஆசையாக வாங்கி மாட்டுவதைவிட, எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் புதிதாக வார்த்ததை வாங்குவதே நல்லது. ஓ-ரிங்குக்கு விட்டான் ரகம் கிடைக்கிறது. மாட்டிய பிறகும் மாதம் ஒருமுறை ஹோல்டரை விரலால் வளைத்து, அடிமடிப்பில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கமாக இருக்கட்டும். கீறல் முதலில் விழுவது கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்பக்கத்தில்தான்.